லவெட்டா பிடித்த பந்துகள்

டாரா ஹ்ரிவ்னாக் வலப்பக்கக் கோட்டை நோக்கி எறிந்த பந்து அந்த வருஷம் யார் கையிலும் ஒட்டவில்லை.

பகலில் அவளுக்கு லாரிகளுக்கு டயர் மாற்றும் கடையில் வேலை. மாலையில் பள்ளிக்கூட மைதானத்தில் பயிற்சி, சனிக்கிழமையானால் ஆட்டம். ஒஹாயோவில் ஆலைகள் மூடிப்போன அந்த ஊரில், பெண்களுக்கென்று இருந்த ஒரே அமெரிக்கக் கால்பந்து அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தைக் கையால் எறிந்து ஆட்டத்தை நடத்துபவள், அவள். பந்து முதலில் அவள் கைக்கு வரும். எதிரணிப் பெண்கள் அவளைக் கீழே தள்ள ஓடிவருவதற்குள், யாருக்கு எறிவது என்று அவள் முடிவு செய்ய வேண்டும்.

அவள் பேர் வாங்கியது 'அவுட்' என்ற ஒரே எறிதலில்தான். பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் நேராகப் பத்து கஜம் ஓடுவாள். சட்டென்று காலை ஊன்றி மைதானத்தின் ஓரக்கோட்டைப் பார்த்து ஒடிந்து திரும்புவாள். அவள் திரும்பும் முன்பே பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். காத்திருந்தால் தடுப்பவள் வந்துவிடுவாள். ஆள் இல்லாத இடத்துக்கு, ஆள் வந்துசேர்வாள் என்று நம்பி எறிவது அது. டாரா பல வருஷம் அப்படி எறிந்தாள். லவெட்டா ஸ்பில்லர் பல வருஷம் அங்கே வந்து சேர்ந்தாள்.

லவெட்டாவுக்கு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் வேலை. ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பாள். வாய் ஓயாது. ஆட்டம் முடிந்ததும் இருவரும் டாராவின் பழைய டிரக்கின் பின்பக்கத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு, காரச் சாஸ் வழியும் கோழி இறக்கைகளைத் தின்பார்கள். உன்னைத் தவிர வேறு யார் எறிந்தாலும் நான் பிடிக்கமாட்டேன் என்று லவெட்டா ஒருமுறை சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். டாரா அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டாள்.

பிறகு லவெட்டாவின் கணவருக்கு டெட்ராய்ட்டில் வேலை கிடைத்தது. போன புதிதில் வாரம் தவறாமல் போனில் பேசினார்கள். அப்புறம் மாதம் ஒருமுறை ஆயிற்று. அப்புறம் பிறந்தநாளுக்கு மட்டும். காரில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். அத்தனை பக்கத்தில் இருந்ததே இருவரையும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட வைத்தது. லவெட்டா டெட்ராய்ட் அணியில் சேர்ந்துவிட்டாள் என்ற செய்தி மூன்றாவது ஆள் சொல்லித்தான் டாராவுக்குத் தெரிந்தது. அன்று கடையில் டயரின் நட்டைத் திருகிக்கொண்டிருந்தவள், திருகி முடித்த பிறகும் திருகிக்கொண்டே இருந்தாள்.

லவெட்டாவின் இடத்துக்கு ஜொலீன் வந்தாள். இளம்பெண், காற்று மாதிரி ஓடுவாள். சொன்ன இடத்தில் ஊன்றி, சொன்ன திசையில் திரும்புவாள். ஆனால் டாராவின் பந்து அவளுக்குப் பின்னால், உள்பக்கமாக, உயிரில்லாமல் வந்து விழும். ஜொலீன் ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்பாள். டாராவுக்கு அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

புதிதாக வந்த கோச் ரென்னர், டாராவின் வயதுக்காரி. முன்பு வேறு அணியில் ஆடியவள். ஒரு மாலை முழுக்க டாராவின் பின்னால் நின்று பார்த்துவிட்டு, குறை ஜொலீனிடம் இல்லை என்றாள்.

"உன் இடது கால் நேரா முன்னாடி விழுது. பந்து வலப்பக்கம் போகணும், உடம்பு வேற எங்கயோ போகுது. கைய மட்டும் வச்சு இழுக்குற. அதான் பந்து உள்ள வந்து செத்து விழுது."

"இத்தனை வருஷமா இப்படித்தான் எறியறேன். லவெட்டா எல்லாத்தையும் பிடிச்சாளே."

"பிடிச்சா. அது அவ சாமர்த்தியம்."

டாராவுக்குக் கோபம் வந்தது. பந்தைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். குடித்துக்கொண்டிருக்கும்போதே, கண்முன் லவெட்டா ஓடினாள். ஊன்றினாள். கோட்டைப் பார்த்துத் திரும்பினாள். அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு ஒரு சின்ன வளைவு. தோளைப் பின்னால் தள்ளி, இடுப்பை ஒடித்து, பந்தை நோக்கி அரையடி திரும்பி வருவாள். அது அவளுடைய ஒயில் என்றுதான் டாரா நினைத்திருந்தாள். ஊரே அப்படித்தான் நினைத்தது. ஒயில் இல்லை அது. தப்பாக வந்த பந்தைத் தேடி, ஒவ்வொரு முறையும் லவெட்டா திரும்பி வந்திருக்கிறாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் போனை எடுத்தாள். லவெட்டாவின் பேர் வரை போய், என்ன கேட்பதென்று தெரியாமல் வைத்துவிட்டாள்.

அதன்பின் டாரா முதலிலிருந்து கற்றுக்கொண்டாள். பந்தே இல்லாமல் காலை மட்டும் வைத்துப் பழகினாள். பின்னங்கால் முதலில் சற்றே நகர வேண்டும். இடது காலின் பெருவிரல் ஓரக்கோட்டைப் பார்க்க வேண்டும். எட்டி வைக்காமல், பக்கத்திலேயே மெத்தென்று வைக்க வேண்டும். கால் போன திசையில் இடுப்பு, இடுப்புக்குப் பின் தோள், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கை. கடையில் டயரை உருட்டும்போதும், சூப்பர்மார்க்கெட்டில் வரிசையில் நிற்கும்போதும் அவளுடைய இடது கால் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மெல்ல மெல்லப் பந்துக்கு உயிர் வந்தது. ஜொலீனின் கையில் படாரென்று விழுந்தது. ஜொலீன் சிரித்தாள். டாராவும் சிரித்தாள். ஆனால் ஒவ்வொரு நல்ல பந்துக்குப் பிறகும், இதை லவெட்டாவுக்கு ஒருமுறை எறிந்து பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. வளையாமல், திரும்பி வராமல், ஓடுகிற போக்கிலேயே அவள் ஒருமுறையாவது பிடிக்க வேண்டும்.

ஜூன் மாதம் டெட்ராய்ட் அணி ஊருக்கு வந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே லவெட்டாவை டாரா கண்டுகொண்டாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். இரண்டு முழங்கால்களிலும் பட்டை. அந்த அணியில் இளம் ரிசீவர்கள் நிறைய இருந்ததால் அவளைத் தடுப்பாளராக மாற்றியிருந்தார்கள். நின்றதோ, டாராவின் வலப்பக்கக் கோட்டோரத்தில், ஜொலீனுக்கு எதிரே.

டாராவின் எறிதலை லவெட்டாவைவிட நன்றாக அறிந்தவர்கள் உலகத்தில் கிடையாது. அந்தப் பக்கமே எறியாதே என்றாள் கோச். டாராவும் எறியவில்லை. இடப்பக்கம் எறிந்தாள், நடுவில் எறிந்தாள், பந்தைத் தூக்கிக்கொண்டு தானே ஓடினாள். மூன்றாம் பகுதி முடியும் நேரத்தில், ஆட்டம் நின்ற இடைவெளியில், கோட்டோரத்திலிருந்து பழைய குரல் வந்தது.

"ஏண்டி, இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டியா? இதுக்கா மூணு மணி நேரம் பஸ்ல குலுங்கி வந்தேன்?"

ஹெல்மெட்டுக்குள் டாராவின் முகம் தானாகச் சிரித்தது.

ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் டாராவின் அணி இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. இன்னும் பத்து கஜம் நகர்ந்தால், பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி வாங்கலாம். பந்தைப் பிடித்தவள் ஓரக்கோட்டைத் தாண்டி வெளியே போனால்தான் கடிகாரம் நிற்கும். கோச்சும் டாராவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வேறு வழியில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. அவுட்.

பந்து கைக்கு வந்தது. டாரா பின்வாங்கினாள். ஓரக்கண்ணில் லவெட்டா தெரிந்தாள்; ஜொலீனைப் பார்க்காமல் டாராவின் தோளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னங்கால் நகர்ந்தது. இடது கால் கோட்டைப் பார்த்து விழுந்தது. தோள் அசைந்த அந்தக் கணமே லவெட்டா பாய்ந்தாள், உள்பக்கமாக. இத்தனை வருஷமும் பந்து வந்து விழுந்த அதே இடத்துக்கு, அதே சின்ன வளைவோடு, இடுப்பை ஒடித்து, இரண்டு கைகளையும் விரித்து வந்து சேர்ந்தாள்.

அங்கே பந்து இல்லை. அது வெளிப்பக்கமாக, கோட்டை உரசுகிற மாதிரி போய், ஜொலீனின் விரல்களில் இறங்கியது. இரண்டு பாதங்களும் கோட்டுக்குள்ளே இருக்கும்போதே பிடித்துவிட்டு, பந்தோடு அவள் வெளியே விழுந்தாள்.

டாரா தன் வாழ்நாளில் எறிந்த பந்துகளில் அதுதான் சிறந்தது. அணிக்காரிகள் வந்து முதுகில் அறைந்தார்கள். அவள் கண் மட்டும் வெறுங்கையோடு நின்ற லவெட்டாவின் மேல் இருந்தது. அந்தக் கைகளில் பந்து விழுந்திருக்கக்கூடாதா என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்குத் தோன்றிவிட்டது.

அடுத்து உதைத்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே தெறித்தது. தோற்றார்கள்.

எல்லோரும் கைகுலுக்கிக் கலைந்தபோது லவெட்டா நொண்டிக்கொண்டே வந்தாள். கட்டிப்பிடித்தாள். தோள்கவசங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. இன்னும் வெயில் இருந்தது. இருவரும் புல்லில் உட்கார்ந்தார்கள்.

"கால திருப்பிட்ட," என்றாள் லவெட்டா.

"தெரியுமா உனக்கு? முன்னாடியே?"

"முதல் வருஷமே தெரியும்."

"அப்புறம் ஏண்டி சொல்லல? எத்தனை வருஷம் ஆடினோம்!"

லவெட்டா முழங்கால் பட்டையைக் கழற்றிக்கொண்டே இருந்தாள்.

"சொல்லியிருந்தா நீ சரி பண்ணியிருப்ப. அப்புறம் உன் பந்த யார் வேணும்னாலும் பிடிச்சிருப்பாங்க." புல்லைக் கிள்ளிப் போட்டாள். "நான் மட்டும்தான் பிடிக்கணும்னு இருந்துச்சு எனக்கு."

டாராவால் அவளைப் பார்க்க முடியவில்லை. கோபப்பட வேண்டிய இடம் அது என்று தெரிந்தது. கோபம் வரவில்லை. வேண்டிக்கொண்டே இருந்த ஒன்று, கை நீட்ட முடியாத காலத்தில் வந்து சேர்ந்ததுபோல இருந்தது.

"இப்ப வா. ஒண்ணே ஒண்ணு எறியறேன். ஓடு."

லவெட்டா தன் முழங்காலைக் காட்டினாள். இடது முட்டி பன் மாதிரி வீங்கியிருந்தது. இதுதான் கடைசி வருஷம், டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்றாள். இன்றைக்கு ஆடியதே டாராவைப் பார்க்கத்தான். இல்லாவிட்டால் போன மாதமே நிறுத்தியிருப்பாள்.

"போன்ல சொல்லியிருக்கலாமே."

"நீயும் பண்ணல, நானும் பண்ணல."

பஸ் ஹாரன் அடித்தது. எழுந்திருக்க டாரா கை கொடுத்தாள். எழுந்த பிறகும் லவெட்டா கையை விடவில்லை. டெட்ராய்ட்டுக்கு வா, வீடு பெரிசு, என் வீட்டுக்காரர் கோழி இறக்கையை நன்றாக வறுப்பார் என்றாள். வருகிறேன் என்றாள் டாரா. இதே மாதிரி எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம் என்று இருவருக்குமே தெரிந்திருந்தது. அதனால் தேதி குறிக்கும்படி லவெட்டா கேட்டாள். ஜூலை நாலாம் தேதி விடுமுறைக்கு என்று டாரா சொன்னாள். சொன்னபடி போகவும் செய்தாள்.

ஆனால் அது பிறகு. அன்று மாலை, பஸ் நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பும் வரை அவள் மைதானத்தின் வேலியருகே நின்றாள். ஜொலீன் வந்து, எல்லோரும் சாப்பிடக் கிளம்புகிறோம், நீ வரவில்லையா என்று கேட்டாள். நீங்கள் போங்கள், பின்னாலேயே வருகிறேன் என்றாள் டாரா. ஜொலீன் போகாமல் பக்கத்தில் நின்று, தானும் சாலையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, அந்தக் கடைசிப் பந்து கையில் விழுந்தபோது வலிக்கவே இல்லை, யாரோ கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தது என்று சொன்னாள்.

"அப்படியா?" என்றாள் டாரா. "அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்."