ராணி காலத்துச் சவரக்கத்தி

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. ஷெஃபீல்டு சந்தையில், பழம்பொருள் விற்று, கத்தியும் தீட்டிக் கொடுக்கிற கீத்தின் கடையில் ஒரு குடைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு கிழவி சவரக்கத்தி ஒன்றை நீட்டினாள். கீத் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ராணி காலத்துச் சரக்குக்கா" என்றான். அவள் முகம் வாடிப்போனது. பழசென்றால் மதிப்புதானே, அதற்கு ஏன் வாட வேண்டும்? குடையை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

2

மழை ஓய்ந்த அந்த மாலையில், எஃகு நகரத்தின் கூரைகள்மீது... (வேண்டாம். இந்த ஊரில் மழை எப்போது ஓய்ந்தது?)

அவளுக்குப் பெரில் என்று பெயர் வைக்கிறேன். கணவன் ஆர்னல்ட், சவரக்கத்திக்குச் சாணை பிடித்தவன். இப்போது படுத்த படுக்கை. பெண் கேட்டுப் போனபோது பெரிலின் அப்பாவிடம் இந்தக் கத்தியைக் கொடுத்து, "நானே செஞ்சது" என்றானாம். அதைப் பார்த்துத்தான் அவர் சம்மதித்தார் என்பது அறுபது வருடமாக வீட்டுப் பெருமை. இன்று அவன் பிறந்தநாள். அதே கத்தியால் அவனுக்கு மழித்துவிட ஆசைப்பட்டு, தீட்டிக்கொண்டு போக வந்தாள்.

3

"யாரு செஞ்சதுன்னு சரியாப் பாரு கீத்து."

"பாத்துட்டேன்க்கா. அலகுக்கு அடியில கிரீடம், பக்கத்துல விக்டோரியா ராணியோட முதலெழுத்து. கம்பெனி பேரு பாதி தேஞ்சிருச்சு. அலகும் ஆப்பு மாதிரி கனமா இருக்கு. பின்னாடி வந்ததையெல்லாம் ரெண்டு பக்கமும் குடைஞ்சு மெல்லிசாக்கியிருப்பாங்க."

"எம் புருஷன் செஞ்சதுன்னு..."

"ஆர்னல்ட் அண்ணனா? அப்ப அவரோட அப்பாவே பொறந்திருக்க மாட்டாரே."

கீத் சிரித்தான். பெரில் சிரிக்கவில்லை.

4

இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

முதல் முடிவு: பழைய கத்தியை வாங்கி, ஆர்னல்ட் புதிதாகக் குடைந்து கொடுத்தான், பொய்யில் பாதி உண்மை. [அடித்துவிட்டேன். அலகு இன்னும் கனமாகத்தானே இருக்கிறது.]

இரண்டாவது: அவன் சுத்தப் புளுகன். ஆனால் புளுகுகிற சாணைக்காரன் அந்தக் கிரீடத்தைக் கல்லில் வைத்து ஒரு நொடியில் தேய்த்திருப்பானே? நல்ல கத்தியைக் கெடுக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. எனக்கு அவனைப் பிடித்துத் தொலைத்தது.

5

டிராமில் திரும்பும்போது பெரிலுக்குப் பொறி தட்டியது, எனக்கும் அப்போதுதான். அவள் அப்பாவுக்கு என்ன வேலை? சவரக்கத்திக்குக் கைப்பிடி பொருத்துவது. கத்தியைக் கையில் வாங்கியதும் முதலில் முத்திரையைத்தான் பார்க்கிற ஆள். அவரிடமா இந்தப் பயல் கதை விட்டான்?

அப்பாவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் சம்மதித்திருக்கிறார். தெரிந்தேதான் சாகும்வரை ஞாயிறுதோறும் அதால் மழித்துக்கொண்டு, "மாப்ள கைவேலை சுத்தம்" என்று சொல்லியிருக்கிறார். டிராமிலேயே பெரில் அழுதுவிட்டாள். (எழுதுகிறவன் அழக்கூடாதென்று எவன் சொன்னது?)

6

ஆர்னல்டின் முகமெல்லாம் சோப்பு நுரை. கத்தி பெரிலின் கையில்.

"கீத்து என்னடி சொன்னான்? யார் கைவேலையாம்?"

குரலில் பயம் இருக்கிறது.

"உன்னோடதுதானாம், கெழவா" என்றால், அப்பா காத்த ரகசியத்தை மகளும் காப்பாள். "எங்கப்பாவுக்கு அன்னிக்கே தெரியும்யா" என்றால், அறுபது வருடமாகச் சுமந்த பயத்தை அவன் இறக்கி வைப்பான். இரண்டும் அன்புதான். எதை எழுதினாலும் மற்றதை அந்த மனுஷனிடமிருந்து நான் பறித்தவனாவேன். என்னால் ஆகாது.

நீங்களே சொல்லிவிடுங்கள். சீக்கிரம், நுரை காய்கிறது, அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.