அண்ணன் சொன்ன ஒரு வார்த்தை

"சார், துன்னுட்டுப் போங்க, சோறு ஆறிடப் போவுது" என்றாள் தாட்சாயணி. பந்தியிலிருந்து எழப் போன திருவேங்கடம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். தாட்சாயணிக்கு முகம் சிவந்துபோயிற்று. படித்தவர் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தாள்.

திருப்பதியில் புதிதாக வந்திருந்த பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஆராய்ச்சி மாணவர்கள் சாப்பிடும் மெஸ் ஒன்று இருந்தது. தாட்சாயணி அங்கே சமையல் வேலை பார்த்தாள். கணவன் வரதராஜன் ரேணிகுண்டா ரயிலடியில் போர்ட்டர். அவள் பிறந்த ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். திருவேங்கடம் புனாவில் மொழியியல் படித்துவிட்டு வந்தவர். எல்லையோர ஊர்களின் பேச்சைத்தான் ஆராய்ச்சிக்கு எடுத்திருந்தார். அவருக்கு வேண்டிய பேச்சு தட்டெதிரிலேயே நின்றது.

மத்தியானம் பாத்திரம் கழுவி முடிந்ததும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. முதல் வாரம் தாட்சாயணிக்குச் சிரிப்பாக இருந்தது. "குந்திக்கினு இருக்கேன்னு சொல்லுவீங்களா?" "சொல்லுவேன்." "தூங்கிக்கினு இருக்கேன்னு?" "தூங்கறவ எப்படி சார் சொல்லுவா?" அவரும் சிரித்து எழுதிக்கொண்டார். "தெரிஞ்சிக்கினு இருக்கேன்?"

தாட்சாயணி வாய் திறந்தாள். சொல்லுவோம் போலவும் இருந்தது, சொல்ல மாட்டோம் போலவும் இருந்தது. நாலு தரம் முணுமுணுத்துப் பார்த்தாள். அப்புறம் அது எந்த பாஷை என்றே புரியவில்லை.

இரண்டாம் வாரம், அப்பாவைக் கூப்பிடும் 'நைனா'வைத் தெலுங்கிலிருந்து வந்த சொற்களோடு அவர் எழுதுவதைப் பார்த்துவிட்டாள். "சார், எங்க நைனா தமிழாளு. தெலுங்குல ஒரு கடுதாசிகூட எழுதத் தெரியாது."

"ஆளைச் சொல்லலைம்மா, வார்த்தையைச் சொல்றேன்."

செத்துப்போன மனிதரை அந்த ஒரு வார்த்தையால்தான் ஆயுசு முழுக்கக் கூப்பிட்டிருந்தாள். வார்த்தை வேறு, ஆள் வேறு என்று எப்படிப் பிரிப்பது? அன்று வீட்டுக்குப் போய் வரதராஜனிடம், "தண்ணி மொண்டுக்கினு..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டாள். "இன்னாடி, பாதியில முழிக்கற?" என்றான் அவன்.

பிறகு ஒருநாள் 'நம்ம', 'எங்க' பற்றி வந்தது. "உங்க அண்ணன் உங்ககிட்ட 'நம்ம ஊரு'ன்னா நீங்களும் அதுல சேர்த்தி. 'எங்க ஊரு'ன்னா நீங்க வெளியாளு. சரியா?"

"கூடப் பொறந்தவகிட்ட எவனாச்சும் எங்க ஊருன்னு சொல்லுவானா சார்?"

அவர் நோட்டில் அந்த 'எங்க ஊரு'மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். சொல்ல முடியாத வாக்கியம் என்று அர்த்தமாம்.

அந்தப் பங்குனியில் ஆந்திராவுக்கும் மதராஸுக்கும் எல்லைக் கணக்கு தீர்ந்தது. அதுவரை ஆந்திராவோடு இருந்த திருத்தணியும் பள்ளிப்பட்டும் மதராஸ் பக்கம் போயின. திருப்பதி ஆந்திராவிலேயே இருந்தது. பத்து நாள் கழித்து ஊரிலிருந்து அண்ணன் செங்கல்வராயன் தன் மகள் காதுகுத்துக்கு அழைக்க வந்தான். வெற்றிலை பாக்கை வைத்துவிட்டு, "புதன்கெழமை ரெண்டு பேரும் வந்துடுங்க. எங்க ஊர்ல இப்ப மதராஸ் பஸ்ஸே வருது, தெரியுமா?" என்றான் சந்தோஷமாக.

தாட்சாயணி கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். "இன்னாண்ணா சொன்னே?"

"பஸ்ஸு வருதுன்னேன்."

"அதில்ல. எங்க ஊருன்னியே."

செங்கல்வராயன் விழித்தான். "ஆமா. எங்க ஊருதானே? வேற யார் ஊரு?"

மறுநாள் திருவேங்கடத்திடம் சொன்னபோது அவர் கண் பளபளத்தது. "முழு வாக்கியமா சொல்லுங்க. என்னைக்கு சொன்னார்? எல்லை மாறுனதுக்கு அப்புறம்தானே?" என்று பென்சிலை எடுத்தார்.

"அண்ணன் என்னை வெளியாளா நெனச்சுட்டானா சார்?"

திருவேங்கடம் பென்சிலைக் கீழே வைத்தார். "அது எனக்குத் தெரியாதும்மா. அவர் என்ன சொன்னார்னுதான் என்னால எழுத முடியும்."

"அப்ப எழுதாதீங்க."

கோபத்தில் காதுகுத்துக்குப் போகாமலிருக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். போனாள். நகரியில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, வெயிலில் நடந்து. பந்தல், மொட்டையடித்த குழந்தையின் அழுகை, பாயசம். அண்ணி ஜெயம்மா ஒரு வாயில் 'நம்ம வீடு' என்றாள், மறு வாயில் 'எங்க வீடு' என்றாள். தாட்சாயணி இரண்டையும் எண்ணிக்கொண்டு வந்து, நடுவில் கணக்கு விட்டுவிட்டாள். யாராவது கூப்பிட்டால் என்ன சொன்னார்கள் என்பதைவிட எப்படிச் சொன்னார்கள் என்பதுதான் காதில் விழுந்தது.

கிளம்பும்போது அண்ணனைத் தொழுவத்துப் பக்கம் நிறுத்திக் கேட்டே விட்டாள். "எல்லை மாறுனதாலதானே எங்க ஊருன்னே?"

"உனக்கு இன்னா ஆச்சு தாட்சாயணி? நீ கல்யாணமாகிப் போயி பதினோரு வருஷமாச்சு. அப்பத்லேர்ந்து அப்பிடித்தானே சொல்லிக்கினு இருக்கேன்."

அப்படியா? அவள் நினைத்து நினைத்துப் பார்த்தாள். தீபாவளிக்கு வந்தபோது என்ன சொன்னான், நைனா செத்தன்று என்ன சொன்னான். ஒரு வார்த்தையும் ஞாபகம் வரவில்லை. அப்போதெல்லாம் அவள் அண்ணனைத்தான் கேட்டிருந்தாள், அவன் வார்த்தையைக் கேட்கவில்லை. எல்லை தன்னை வெளியே தள்ளியதா, கல்யாணம் தள்ளியதா, ஒன்றுமே தள்ளவில்லையா? பொய் சொல்கிற முகமாக இல்லை அவன் முகம். அவள் மடியில் ஒரு படி வேர்க்கடலையைக் கட்டிவிட்டு, பஸ் வரும்வரை வெயிலிலேயே நின்றான்.

அடுத்த வாரம் திருவேங்கடத்திடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "எங்க ஊட்டு ஆளுங்க பேச்சு வேணாம் சார். வேற இன்னா வேணா கேளுங்க." அவர் சரியென்று கீரைகளின் பெயரைக் கேட்டார். தாட்சாயணி பொன்னாங்கண்ணியில் தொடங்கி மடமடவென்று பன்னிரண்டு சொன்னாள். பதின்மூன்றாவது கீரை கண்முன் நின்றது, பறித்த ஈரத்தோடு. நினைக்காமலே தினம் சொன்ன அந்தப் பெயர் மட்டும் வரவில்லை. "இருங்க சார், வந்துடும்" என்றாள். அவர் காத்திருந்தார்.