தளராத கால்

"போதும்மா" என்று நான் சொன்ன பிறகும் அந்தப் பெண் குதித்துக்கொண்டிருந்தாள். தரையில் பதித்திருந்த இரும்புத் தகட்டில் அவள் பாதங்கள் டக் டக்கென்று பட்டு எழுந்தன. கைகள் இடுப்பில், வாயில் சூயிங்கம். எனக்கு எரிச்சலாக வந்தது. குதிக்கவிட்டுக் கால்களைக் களைக்க வைத்து அளப்பதுதான் என் பிழைப்பு. எப்பேர்ப்பட்ட வீராங்கனைக்கும் ஒரு கட்டத்தில் அந்தச் சத்தம் மாறிவிடும். பாதம் தரையில் கொஞ்சம் கூடுதலாகத் தங்கும், குதிகால் தொப்பென்று இறங்கும். கெண்டைக்கால் தசை விறைப்பை இழந்துவிட்டது என்று அர்த்தம். கம்ப்யூட்டர் காட்டுவதற்கு முன்பே என் காதுக்கு அது தெரிந்துவிடும். இவளுக்கு மட்டும் சத்தம் மாறவே இல்லை.

நீளம் தாண்டுகிறவள். அணியில் ஓர் இடம்தான் மிச்சம். இன்றைய சோதனையில் கடைசிவரை தளராதவளுக்கு அது போகும். இவளுக்கு முன்னால் குதித்தவர்கள் எல்லாரும் சுவரைப் பிடித்துக்கொண்டு தவழாத குறையாக வெளியே போயிருந்தார்கள்.

"இறங்கி வந்து படு. கடைசிச் சுத்துக்கு முன்னாடி அளந்து பாக்கணும்."

நீல ரெக்சின் கட்டிலில் குப்புறப் படுத்தாள். விறைப்பை அளக்கும் கருவியைக் கெண்டைக்காலில் அழுத்தினேன். தசையும் சரி, அதைக் குதிகாலோடு கட்டியிருக்கும் தசைநாணும் சரி, அவள் உள்ளே வந்தபோது எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. மிஷின்தான் மண்டையைப் போட்டுவிட்டது என்று நினைத்தேன். வேறு யார் காலிலாவது வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மூலை பெஞ்சில் அவளுடைய தங்கை, அக்காவின் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்ததிலிருந்து உட்கார்ந்தே இருந்தாள்.

"நீ வாம்மா. சும்மாதானே உக்காந்திருக்கே?"

எழுந்தாள். முழங்கால் துவண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"கால் மரத்துப்போச்சா?"

"இல்ல மேடம். அக்கா குதிச்சா இப்படித்தான்."

மழை பெய்தால் தெரு நனையும் என்பதைப் போலச் சொன்னாள்.

நானே போய்க் குனிந்து கருவியை வைத்தேன். தசை குழைந்து கிடந்தது. தோலுக்கடியில் விட்டுவிட்டுத் துடித்தது. அதற்குக் கீழே தசைநாண் மட்டும் விட்டுக்கொடுக்காமல் கம்பியாக நின்றது. தசை கைவிட்டால் மொத்த இழுப்பும் நாணின் தலையில்தான் விடியும். இப்படியொரு காலை முன்பு ஒரு முறை பார்த்திருக்கிறேன். ஓட்டக்காரன் ஒருவனுடையது. அடுத்த குதியில் நாண் அறுந்து, அவன் அதன்பிறகு ஓடவே இல்லை. ஆனால் இந்தப் பெண் பெஞ்சை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. பட்டப்பகலில், டியூப்லைட் வெளிச்சத்தில், எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது.

"இங்க வா. உன் தங்கச்சி காலத் தொட்டுப் பாரு."

அக்கா வந்து தொட்டாள். சூயிங்கம் மெல்லுவதை நிறுத்தினாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. விஷயம் அவளுக்குப் புதிதில்லை, இந்த அளவுக்குப் போயிருக்கும் என்றுதான் எதிர்பார்க்கவில்லை என்று புரிந்தது.

"ரொம்ப வலிக்குதாடி?"

"இன்னும் ஒரு சுத்துதானேக்கா."

"இன்னொரு சுத்து குதிச்சா இவ நாண் அறுந்துடும்" என்றேன். படித்தவள் பேசுகிற பேச்சா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. "உன் கால் தளந்துடுச்சுன்னு எழுதிடறேன். வீட்டுக்குப் போங்க."

"எழுதினா எனக்கு இடம் போயிடுமே மேடம்."

"அதுக்காக?"

அக்கா, தங்கையின் நெற்றியில் விழுந்திருந்த முடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டாள். அவ்வளவு பிரியமாக ஒதுக்கினாள். பிறகு நடந்துபோய்த் தகட்டின் மேல் ஏறி நின்று, கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நான் ஆரம்பிக்கச் சொல்லல" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. "இறங்கு. நான் சொல்லல."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மூலையைப் பார்த்தாள். அங்கே தங்கை பையைக் கீழே வைத்துவிட்டு, பாதங்கள் இரண்டையும் சேர்த்து, பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, குதிகால்களைத் தரையிலிருந்து மெல்ல உயர்த்தினாள். குதித்து மேலே போய்விட்டுத் தரைக்கு இறங்குகிறவள் பாதங்களை அப்படித்தான் வைத்துக்கொள்வாள்.