பதினான்காம் விதி

இருபத்திரண்டு வருடமாக மற்றவர்கள் எழுதியதற்காக வாதாடிப் பிழைக்கிறேன். பத்திரிகைக்காரர்கள், வாத்தியார்கள், ஒரு தடவை ஒரு கேலிச்சித்திரக்காரர். மானநஷ்ட நோட்டீஸ் எனக்குக் காலைப் பேப்பர் மாதிரி. ஆனால் பதினேழு வயதுப் பெண்ணுக்கு அவள் படிக்கும் பள்ளிக்கூடமே நோட்டீஸ் அனுப்பி நான் பார்த்ததில்லை.

அவள் தன் அப்பாவோடு வந்தாள். அப்பா லிப்ட் மெக்கானிக். விரலில் கிரீஸ் போகவில்லை என்று நாற்காலியின் கையைத் தொடாமலே உட்கார்ந்தார். மகள் பள்ளிச் சுவர்ப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். நூலகம் மூன்று வருடமாகப் பூட்டியே கிடக்கிறது, பார்வையாளர் வரும் நாளில் மட்டும் கதவு திறக்கிறது என்று. பள்ளியின் பெயரைக் கெடுத்தாள் என்று அவளை நீக்கிவிட்டார்கள். வழக்குப் போடுவோம் என்ற மிரட்டல் வேறு. பொதுத்தேர்வுக்குப் பெயர் கொடுக்க இன்னும் பன்னிரண்டே நாள். பள்ளி பெயரை அனுப்பாவிட்டால் ஒரு வருடம் போச்சு.

"மன்னிப்புக் கடிதம் குடுத்தா சேர்த்துக்கறோம்னு சொல்றாங்க மேடம். குடுத்துடலாமான்னு..." என்று இழுத்தார் அப்பா.

"எழுதினது பொய்னு கையெழுத்துப் போடணுமாம்ப்பா. பொய் இல்லையே!"

எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. பிடித்துவிட்டால் கட்சிக்காரரைக் கூடுதலாக வறுத்தெடுப்பது என் குணம். மூன்று பென்சில்களை எடுத்தேன். யார் எழுதியதானாலும் வரிவரியாக இப்படித்தான் பார்ப்பேன். நிரூபிக்க முடிந்தால் சிவப்பு. சொந்தக் கருத்து என்றால் பச்சை. சும்மா இருந்திருக்கலாம் என்றால் நீலம்.

"மூணு வருஷம்னு எப்படித் தெரியும்? யாராவது சொன்னாங்களா?"

"புத்தகத்துக்குள்ள தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும்ல மேடம். பார்வையாளர் வந்தன்னிக்கு எங்களை உள்ள உட்கார வெச்சாங்க. நாப்பத்தாறு புத்தகத்தைப் பிரிச்சுப் பார்த்தேன். எல்லாத்துலயும் கடைசி முத்திரை மூணு வருஷத்துக்கு முந்தினதுதான்." நோட்டை நீட்டினாள். நாற்பத்தாறு தலைப்பும் தேதியும் இருந்தன. அனுபவமுள்ள நிருபர்களிடம் கெஞ்சினாலும் எனக்கு இப்படி ஒரு பட்டியல் கிடைத்ததில்லை.

கட்டுரை முழுக்கச் சிவப்பானது. ஒரே ஒரு வரி மட்டும் மிஞ்சியது: 'தலைமையாசிரியர் கடைசியாக எப்போது ஒரு புத்தகம் படித்தாரோ!'

"இது பச்சை மேடம்," என்றாள் முந்திக்கொண்டு.

"இது நீலம். பேசாம இரு."

மறுநாள் பள்ளியின் விதிப்புத்தகத்தைப் படித்தேன். பதினான்காம் விதி: 'நேரடியாகவோ மறைமுகமாகவோ, உண்மையாகவோ பொய்யாகவோ, பள்ளியின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் எதையும் எழுதுபவர், பேசுபவர், அல்லது அதற்குத் துணைபோகிறவர் உடனடியாக நீக்கப்படுவார்.'

எவன் எழுதிய விதி இது என்று வாய்விட்டுத் திட்டினேன். இரண்டாம் தடவை படித்தபோதுதான் அடையாளம் தெரிந்தது. எழுதியது நான்தான். தொழிலுக்கு வந்த முதல் வருடம் சீனியர் கொடுத்த வேலை. பள்ளிக்கூட விதி எதுவும் கைவசம் இல்லை. அலமாரியில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் ஊழியர் விதிகள் இருந்தன. 'நிறுவனம்' இருந்த இடத்திலெல்லாம் 'பள்ளி' என்று மாற்றி, மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டேன். வேகத்துக்காகப் பாராட்டு வேறு வாங்கினேன்.

அப்பாவையும் மகளையும் கூப்பிட்டு மறைக்காமல் சொன்னேன். "எதிர்த்தரப்புக்குத் தெரிஞ்சா என்னை வெச்சே உங்களை அடிப்பாங்க. வேற வக்கீல் பார்த்துக்கறதுன்னாலும் எனக்கு வருத்தமில்ல." வருத்தம் இருந்தது.

அப்பா தன் கிரீஸ் விரல்களைப் பார்த்தார். பிறகு, "லிப்ட் நின்னா, அதைப் பொருத்தினவனைத்தான் மேடம் முதல்ல தேடுவோம். எந்த வயர் எங்க போகுதுன்னு அவனுக்குத்தானே தெரியும்?" என்றார். மகள் என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் எழுந்து போகவில்லை.

நீக்கத்தை எதிர்த்து நான் போட்ட வழக்கின் விசாரணை எட்டாம் நாள் வந்தது. பள்ளிக்கு ஆஜரானவர் என்னோடு சட்டம் படித்தவர். பெரிய அடி அடிப்பதற்கு முன் தொண்டையைச் செருமுவார், அதனால் கல்லூரியிலேயே அவருக்கு 'இருமல்' என்று பெயர். அன்றைக்கும் செருமினார். கையில் விதிப்புத்தகத்தின் பழைய பிரதி ஒன்று இருந்தது, அதன் மூலையில் என் கையெழுத்து.

நான் முந்திக்கொண்டேன். "நண்பர் சொல்லப்போறதை நானே சொல்லிடறேன் ஐயா. இந்த விதியை எழுதினது நான்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெயிண்ட் கம்பெனிக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். "கம்பெனியில தயாரிப்பு ரகசியம்னு ஒண்ணு இருக்கு. அங்க உண்மை வெளிய போனாலும் நஷ்டம்தான். அதுக்காகப் போட்ட வார்த்தையைப் பிள்ளைங்க வாயில கொண்டுவந்து வெச்சுட்டேன். இத்தனை வருஷத்துல எத்தனை பேர் இதைப் பார்த்துட்டுப் பேசாம இருந்தாங்களோ. வெட்கமா இருக்கு ஐயா. ஆனா என் தப்புக்கு இந்தப் பொண்ணு ஒரு வருஷத்தை இழக்கக் கூடாது."

நீதிபதி அவளுடைய நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "உங்க நூலகப் பதிவேட்டுல கடைசியா புத்தகம் எடுத்தது எந்தத் தேதி?" என்று தலைமையாசிரியரைக் கேட்டார். தலைமையாசிரியர் இருமலைப் பார்த்தார். இருமலுக்கு அன்று தொண்டை அடைத்துவிட்டது.

நீக்கம் ரத்தானது. அன்று மாலைக்குள் தேர்வுக்குப் பெயர் அனுப்ப வேண்டும். பதினான்காம் விதி உண்மையை எழுதியவர்களுக்குப் பொருந்தாது. புது விதியை இரு தரப்பும் சேர்ந்து ஒரு மாதத்தில் எழுதித் தர வேண்டும். "இந்தத் தடவை அவசரப்படாதீங்க," என்றார் நீதிபதி என்னிடம். வராந்தாவில் அப்பா கிரீஸ் கையை மறந்து மகளின் தலையைத் தடவினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

புது விதியை ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். பள்ளிக்கு அனுப்புவதற்கு முன் அவளுக்கு அனுப்பினேன். மூன்று நாளில் திரும்பி வந்தது. கூடவே பள்ளி நூலகப் புத்தகம் ஒன்றின் தேதிச் சீட்டு நகல், அதில் அந்த வார முத்திரை. என் தாள் முழுக்க மூன்று நிறத்தில் கோடுகள்.

'உண்மையை எழுதிய மாணவர் நீக்கப்படமாட்டார். தேவைப்பட்டால் எச்சரிக்கப்படலாம்' என்ற வரியின் பின்பாதியை நீலத்தில் சுழித்திருந்தாள். ஓரத்தில் குறிப்பு: 'உண்மையைச் சொன்னதுக்கு எதுக்கு மேடம் எச்சரிக்கை? பெயிண்ட் வாசனை இன்னும் போகலை.'

அந்தப் பின்பாதியை அடித்துவிட்டேன்.