கூடிய புரதம்

இரத்தப் பரிசோதனைக் கூடத்துப் பிளாஸ்டிக் கதிரையிலிருந்து எழும்புவதற்குக் கதிரவேல் இரண்டு கைகளையும் முழங்கால்களில் ஊன்றவேண்டியிருந்தது. துறைமுகக் களஞ்சியத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக ஐம்பது கிலோ உரமூட்டைகளை லொறிகளில் ஏற்றிய முதுகு அது. ஆறு மாதங்களாக அதன் வலி எண்ணெய்க்கும் அடங்கவில்லை, குளிசைக்கும் அடங்கவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் நின்ற பரிசோதகர் அசனா அறிக்கையை உடனே நீட்டவில்லை.

"ரெண்டாந்தரமும் செய்து பாத்தனான், ஐயா. அதே அளவுதான் வருது. புரதம் சரியான கூட."

"கூடவோ? அப்ப நல்லதுதானே, பிள்ளை. மனிசி மாதம் முழுக்க முட்டை அவிச்சுத் தந்தவ."

"இது முட்டையாலை வாறதில்லை. இரத்தத்திலை கன வகைப் புரதம் இருக்கு. இருக்கவேண்டியது குறைஞ்சு, வேறை ஒண்டு அளவுகணக்கில்லாமல் ஏறியிருக்கு. அது என்னெண்டு பிரிச்சுப் பாக்க இஞ்ச ஏலாது, கொழும்புக்கு அனுப்போணும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "வருத்தத்தின்ரை பேரை நான் சொல்லக்கூடாது. பெரிய டொக்டர் வியாழக்கிழமை வருவார். அதுவரைக்கும் பாரம் தூக்காதேங்கோ. எலும்பு அரிச்சிருந்தால் தாங்காது."

அன்று திங்கட்கிழமை.

களஞ்சியத்தின் மூலையில் கிழிந்த மூட்டைகளைத் தைப்பதற்கு ஒரு வாங்குப் பலகை கிடந்தது. அதில் இருந்து தைத்த முஹம்மது தம்பி ஆவணியில் விலகிய பின்னர் எவரும் நியமிக்கப்படவில்லை. ஒரு கோணியூசி, ஒரு நூற்கட்டை, இருந்தபடியே செய்யும் வேலை. அதைத்தான் கதிரவேல் கேட்டிருந்தார். அதற்குத்தான் வைத்தியச் சான்று வேண்டுமென்றார்கள்.

மேற்பார்வையாளர் கோகுலன் அறிக்கையை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்.

"அண்ணை, சீனி சரி, கொழுப்பு சரி, புரதம் மட்டும் கூட! ஜிம்முக்குப் போற பெடியள் இதுக்காக மா வாங்கிக் கரைச்சுக் குடிக்கிறாங்கள். உங்களுக்குச் சும்மா கிடைச்சிருக்கு."

"இனி அண்ணைக்கு ரெண்டு மூட்டையாய் வையுங்கோ!" என்று வரிசையில் நின்ற றிகாஸ் சிரித்தான்.

"தம்பி, இது சாப்பாட்டுப் புரதம் இல்லையாம். எலும்பு தாங்காதாம். அந்தப் பிள்ளை சொன்னவ."

"பிள்ளை சொன்னதை பைலிலை போடேலாது, அண்ணை. டொக்டர் எழுதித் தரட்டும். வியாழன்தானே? கப்பலும் வந்திட்டுது. இந்தக் கிழமை வராத ஆக்களை வேலையாலை நிப்பாட்டச் சொல்லித்தான் மேலையிருந்து கதை."

கோகுலன் சிவப்புப் பேனையை எடுத்து, அறிக்கையில் புரதத்தின் அளவுக்குக் கீழே கோடிட்டார். ஓரத்தில் 'வேலைக்குத் தகுதி உண்டு' என்று எழுதி அவருடைய பணிக்கோவையில் சேர்த்தார்.

மாலையில் லிங்கநகர் வீட்டுக் குசினியில் மனைவி யோகம்மா முட்டையும் கையுமாக நின்றாள்.

"புரதம் கூட எண்டால், இனி இதைத் தாறதோ விடுறதோ?"

கதிரவேல் சுவரைப் பிடித்து நிமிர்ந்தார். "டொக்டரைக் கேப்பம். இண்டைக்குத் தா."

செவ்வாய்க்கிழமை கழிந்தது. புதன்கிழமை முற்பகல், தோப்பூருக்குப் போகும் லொறியின் சாய்பலகையில் மூட்டையோடு அவர் மூன்றாம் அடியை வைத்தபோது, முதுகினுள்ளே காய்ந்த மட்டை முறிவதுபோன்ற சத்தம் கேட்டது. அவர் சறுக்கவில்லை. கால்கள் தாமாகவே மடிந்தன. மூட்டை பலகை விளிம்பிற் பட்டுக் கிழிய, வெள்ளைக் குருணைகள் அவர் முகத்தருகே கொட்டின.

"காலை அசையுங்கோ, அண்ணை," என்றான் றிகாஸ்.

"அசைக்கிறன்தானே," என்றார் கதிரவேல்.

கால்கள் அசையவில்லை.

நால்வர் அவரைத் தூக்கி, மூலையில் விரித்த வெற்றுச் சாக்குகளின்மேற் கிடத்தினர். கோகுலன் நோயாளர் வண்டிக்குத் தொலைபேசியில் அறிவித்தார். பின்னர் 'கால் தவறி விழுந்தார்' என்று பதிவேட்டில் எழுதினார். லொறிச் சாரதி இருமுறை ஹோன் அடித்தான்.

"றிகாஸ், நீ அந்த வாங்கிலை இரு. கிழிஞ்சதைக் கெதியாய்த் தை."

றிகாஸ் சிந்திய உரத்தைக் கூட்டி அள்ளி மூட்டையில் இட்டான். ஊசியில் நூலைக் கோத்தான். கதிரவேலின் தலைமாட்டில் இருந்தபடி, அவர் முகத்தைப் பாராமல், பதினொரு தையல் போட்டான். மூட்டையைத் தராசில் வைத்தார்கள். நிறை சரியாக இருந்தது. வரிசையில் அடுத்து நின்ற முனீப் முதுகைக் கொடுக்க, அது சாய்பலகை வழியே ஏறி லொறிக்குள் சென்றது.

நோயாளர் வண்டி இன்னும் வந்திருக்கவில்லை.