வாயனுக்குப் பின்னால் நிற்காதே

“பக்கத்துல வராதீங்க. வாந்தி வருது எனக்கு.”

“குளிச்சிட்டுத்தான்டி வர்றேன். ரெண்டு தடவை சோப்புப் போட்டேன்.”

“பத்துத் தடவை போடுங்க. எனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்குல்ல?”

“சரி. அப்ப நான் கூடத்துலயே படுத்துக்கறேன்.”

“படுத்துக்குங்க.”

ஆறு வருடத்துக்கு முன்னால் நடந்த பேச்சு. அதில் ஒரு எழுத்துகூட அவளுக்கு மறக்கவில்லை. அப்போது அவளுக்கு மூன்றாம் மாதம். ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன், கம்பெனியை இழுத்து மூடியதும் குப்பை லாரிக்குப் போன முதல் வாரம் அது. அதுவரை சூடான பன் வாசனையோடு வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்த மனுஷன், திடீரென்று அழுகின முட்டைக்கோஸ் வாசனையோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தால் மசக்கைக்காரி வேறென்ன சொல்லுவாள்?

மகள் பிறந்தாள். மசக்கை போயிற்று. அவனுடைய பாய் மட்டும் கூடத்தை விட்டு நகரவில்லை. வரட்டுமா என்று அவன் கேட்கவில்லை. வாங்க என்று இவளும் சொல்லவில்லை. கட்டிலில் அவன் படுத்த இடத்தில் மகள் கையையும் காலையும் பரப்பிக்கொண்டு தூங்கினாள். சொல்ல வேண்டியது என்னவோ நாலு வார்த்தைதான். அது தொண்டைவரை வரும். அதற்குள் வாசலில் தொங்கும் அவனுடைய காக்கிச் சட்டையின் நாற்றம் முந்திக்கொண்டு வந்துவிடும். அவள் வாயை மூடிக்கொள்வாள், மூக்கையும்.

அவள் மூக்கு லேசுப்பட்டதல்ல. சலவைக் கடையில் துணி வாங்கிப் போடுகிற வேலை அவளுக்கு. சட்டைக் கழுத்தை முகர்ந்தே, இது மீன் எண்ணெய், இது சிகரெட், இது வீட்டுக்காரி போடாத சென்ட்டு என்று பிரித்து வைத்துவிடுவாள். ஊரார் சட்டைப் பையில் எல்லாம் கைவிட்டுப் பார்த்துத்தான் துணியைப் போடுவாள். தன் கணவனின் காக்கிப் பையில் மட்டும் ஒரு நாளும் கைவிட்டதில்லை. அதைக் குச்சியால் தூக்கி, வாசலில் தனியாக வைத்திருக்கும் வாளியில் அமுக்குவதோடு சரி.

இப்படியே போயிருக்கும். கையன் வந்தது.

லாரிகளுக்குப் பேர் வைத்தவள் மகள். அப்பா சாயங்காலம் தூங்கி எழுந்து சொல்கிற கதைகளைக் கேட்டுக் கேட்டு அவள் வைத்த பேர்கள் லாரி நிறுத்தத்திலும் பரவி, சூப்பர்வைசர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறாராம். பின்பக்கம் திறந்திருக்கும் லாரி வாயன். ஆட்கள் பைகளை அந்த வாயில் தூக்கிப் போட வேண்டும். ஓர் இரும்புத் தகடு மேலிருந்து வளைந்து இறங்கி, நாக்கு சோற்றை இழுப்பதுபோல் எல்லாவற்றையும் இழுத்து உள்ளே அமுக்கும். கொம்பனுக்கு முன்பக்கம் இரண்டு இரும்புக் கொம்புகள். கடைத்தெருப் பெரிய பெட்டியை அந்தக் கொம்பில் மாட்டித் தூக்கி, தன் தலைக்கு மேலாகவே முதுகில் கவிழ்த்துக்கொள்ளும். சாக்கடை அடைப்பில் குழாயை விட்டு இழுப்பது உறிஞ்சி. “உறிஞ்சிக்குப் பக்கத்துல மட்டும் எங்கப்பாவே போக மாட்டார்” என்று மகள் பள்ளிக்கூடத்தில் பெருமை அடித்துக்கொள்வாள்.

இவை அத்தனைக்கும் ராஜா கையன். விலாவிலிருந்து ஒற்றைக் கை நீளும். தெருவோரத் தொட்டியை இடுப்போடு பிடிக்கும், தூக்கும், தன் மண்டைக்குள் கொட்டிக்கொள்ளும், எடுத்த இடத்திலேயே தொட்டியை வைக்கும். டிரைவர் கண்ணாடி ஏற்றிய அறைக்குள் ஏசியில் உட்கார்ந்து ஒரு குச்சியை ஆட்டினால் போதும். குப்பையைத் தொடவே வேண்டாம்.

புதிதாக ஒரு கையன் வருகிறது, ஓட்ட ஆள் எடுக்கப் பரீட்சை வைக்கிறார்கள் என்று அவன் சொன்னபோது, அவள் மனசு விறுவிறுவென்று கணக்குப் போட்டது. கையன் கிடைத்தால் நாற்றம் போகும். நாற்றம் போனால் அவனாகவே உள்ளே வருவான். தான் வாயைத் திறக்காமலே காரியம் நடந்துவிடும். பரீட்சைக்குப் போட்டுப் போக வெள்ளைச் சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டாள்.

அவன் கிளம்பிப் போன அரை மணி நேரத்தில் அவளுக்குச் சந்தேகம் வந்தது. லைசென்ஸ் எப்போதும் காக்கிப் பையில் அல்லவா இருக்கும்? வாசலுக்கு ஓடினாள். காக்கி கொடியில் தொங்கியது. குச்சியால் பையைத் தட்டினாள். உள்ளே அட்டை சத்தம் கேட்டது. வேறு வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, ஆறு வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பைக்குள் இரண்டு விரலை விட்டாள். லைசென்ஸ் வந்தது. கூடவே பிசுபிசுவென்று, என்னவென்று தெரியாத ஏதோ ஒன்றும் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மூன்று முறை கை கழுவிவிட்டு, போன் போட்டாள். எடுக்கவில்லை. ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

லாரி நிறுத்தம் இருக்கும் தெரு முனையிலேயே மூக்கு எச்சரித்தது. உள்ளே போனதும் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னது. முதலில் புளித்த பால். அதன் அடியில் மீன் குடல். அதற்கும் அடியில் வெயிலில் வெந்த, கழுவாத குழந்தைத் துணி. இவற்றை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பிணைத்த, இனிப்பான, கொழகொழப்பான ஏதோ ஒன்று. அந்த இனிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு லாரிக்கு அடியிலும் ஒரு வாளி வைத்திருந்தது. வாளியில் கறுப்பாகச் சாறு சொட்டிக்கொண்டிருந்தது. சாற்றின் மேல் ஈ மொய்க்கவில்லை, மிதந்தது.

“அண்ணி! நீங்களா? வழி தவறி வந்துட்டீங்களா?”

ஓடி வந்தவன் அவள் கணவனோடு வாயனில் பை தூக்கும் ஆள். எல்லாரும் அவனை அத்தர் என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் பக்கத்தில் போனாலே தெரியும்.

“உங்க அண்ணன் லைசென்ஸை விட்டுட்டு வந்துட்டாரு.”

“ஐயோ, அதுக்குத்தான் பேய் மாதிரி முழிச்சிட்டு நின்னாரா? குடுங்க அண்ணி.” பறித்துக்கொண்டு ஓடினான். மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். “உக்கார வெச்சிட்டேன். மூணு தொட்டி தூக்கி வெக்கணும். ஒரு சொட்டு சிந்தக் கூடாது. தொட்டியைக் கீழ வெக்காம எறங்கக் கூடாது. அவ்வளவுதான் பரீட்சை. நின்னு பாருங்க.”

தூரத்தில் புத்தம் புதுக் கையன் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை தெரிந்தது. அவளுக்குப் பெருமையாக இருந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பெருமைப்பட்டாள்.

அத்தர் சும்மா நிற்கிற ஆள் இல்லை. “இதான் அண்ணி நம்ம வாயன்” என்று பக்கத்தில் நின்ற லாரியின் விலாவைத் தட்டினான். “இந்தச் சின்னக் கதவு தெரியுதா? உள்ள ஒரு இரும்புச் சுவர் இருக்கு. கொட்டுற இடத்துல அதுதான் மொத்தத்தையும் பின்னால தள்ளி விடும். அமுக்குற அமுக்குல அந்தச் சுவருக்கு அந்தாண்டையும் கொஞ்சம் வழிஞ்சிடும். வாரத்துக்கு ஒருநாள் யாராவது இதுவழியா தவழ்ந்து போயி வழிச்சு எடுக்கணும். இல்லேன்னா சுவர் சிக்கிக்கும்.”

“இதுவழியாவா? யாரு போவா?”

“எனக்குத் தொப்பை. அப்புறம் யாரு? அண்ணன்தான்.”

அந்தக் கதவு அவள் வீட்டு அடுப்பங்கரை ஜன்னல் அளவுகூட இல்லை.

“உள்ள என்னதான் இருக்கும்?”

“வேணாம் அண்ணி. இன்னைக்குச் சோறு எறங்காது.”

“பரவால்ல, சொல்லுங்க.”

அவன் சொன்னான். கஞ்சி மாதிரி இருக்குமாம். முழங்கால்வரை வருமாம். மேலே வெள்ளையாக ஆடை கட்டியிருக்குமாம். உற்றுப் பார்த்தால் அந்த ஆடை நெளியுமாம். அவள் கேட்டிருக்கவே கூடாது. காலையில் சாப்பிட்டது நெஞ்சுக்குழிவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

“நீங்க பாருங்க. நான் இவன் வாயை மூடிட்டு வந்துர்றேன்” என்று அத்தர் லாரியின் மறுபக்கம் போனான்.

அவள் நின்ற பக்கத்துக்குத்தான் காற்று அடித்தது. வாளிச் சாற்றின் நாற்றம் நேராக முகத்தில் வந்து அறைந்தது. இரண்டடி தள்ளி நின்றாள். அங்கேயும் அடித்தது. மூக்கு சொன்ன வழியில் நகர்ந்து நகர்ந்து, லாரியின் பின்பக்கம் வந்தாள். அங்கே ஆச்சரியமாக நாற்றமே இல்லை. காற்று அவள் முதுகிலிருந்து லாரிப் பக்கமாகப் போனது. அப்பாடா என்று முந்தானையை இறக்கினாள். அங்கிருந்து பார்த்தால் கையனும் நன்றாகத் தெரிந்தது. மூன்றாவது தொட்டியைப் பிடித்து, மெல்லத் தூக்கிக்கொண்டிருந்தது.

லாரியின் மறுபக்கத்திலிருந்து ‘டங், டங்’ என்று இரண்டு தட்டு கேட்டது. அந்த இடத்தில் வேலை செய்கிற எவனும் அந்தச் சத்தத்துக்குத் துள்ளி விலகியிருப்பான். இரண்டு தட்டு என்றால் தகடு இறங்கப் போகிறது, பின்னால் நிற்காதே என்று அர்த்தம். அவளுக்கு எப்படித் தெரியும்? யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாள். தூரத்தில் கையனின் கண்ணாடிக்குள் அவள் கணவன் இரண்டு கையையும் ஆட்டினான். ஜெயித்துவிட்டான் போல என்று அவளும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள்.

தகடு இறங்கியது. வாயனின் வாயில் கிடந்த பெரிய கறுப்புப் பை ஒன்று உப்பியது, இன்னும் உப்பியது, பழுத்த கட்டிபோல் வெடித்தது.

வெதுவெதுப்பாக இருந்தது. அதை அவளால் மன்னிக்கவே முடியவில்லை. சில்லென்று இருந்திருந்தாலாவது தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். முடியில், இமையில், கழுத்துக்குள், சிரித்துக்கொண்டிருந்த வாய்க்குள். ஏதோ ஒன்று பல்லில் பட்டு நழுவியது. கத்த வாயைத் திறந்தால் இன்னும் உள்ளே போகும். அப்படியே நின்றாள்.

ஓடி வரும் காலடிச் சத்தம் கேட்டது.

“கண்ணைத் திறக்காத. துப்பு. முழுங்கிடாத, துப்புடி!” அவன் குரல். கட்டைவிரலால் அவள் இமைகளை வழித்தான். விரலை விட்டு அவள் வாய்க்குள் கிடந்ததை எடுத்துப் போட்டான். தன் வெள்ளைச் சட்டையின் நுனியை இழுத்து அவள் முகத்தைத் துடைத்தான்.

“அண்ணி, சத்தியமா பாக்கல அண்ணி!” என்று அத்தர் ஒரு பக்கம் அழுதான்.

“யோவ்!” என்று சூப்பர்வைசர் தூரத்திலிருந்து கத்தினார். “தொட்டி அந்தரத்துல நிக்குது! வெக்காம எறங்கினா பரீட்சை அவ்வளவுதான்யா!”

“எழுதிக்குங்க சார்” என்றான் அவன், திரும்பிப் பார்க்காமல்.

ஸ்கூட்டரில் அவள் அவனைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள். “புடிச்சிக்க, விழுந்துடுவ” என்றான். “உங்க சட்டை...” என்று ஆரம்பித்தவள், சட்டை இருந்த இருப்பைப் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள். சிக்னலில் பக்கத்துக் காரின் கண்ணாடி சரசரவென்று ஏறியது. பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் கைக்குட்டையை எடுத்தாள். அந்தப் பெண்ணின் பார்வை இவளுக்கு எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. எங்கே என்று யோசித்தாள். கண்ணாடியில், தன் முகத்தில்தான்.

வீட்டில், அவள் வெந்நீர்க் குழாயைத் திறக்கப் போனாள். அவன் தடுத்தான். “வெந்நீர் கூடாது. நாத்தத்தைச் சமைச்சு வெச்சிடும். முதல்ல பச்சைத் தண்ணி.” பச்சைத் தண்ணீர் ஊற்றினான். அடுப்பங்கரையிலிருந்து எண்ணெயை எடுத்து வந்து தலை முழுக்கத் தேய்த்தான். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு. பிறகு நகக்கண் ஒவ்வொன்றாகப் பழைய பிரஷ்ஷால். காதுக்குப் பின்னாலிருந்து மீன் செதில் ஒன்றை உரித்து எடுத்தான். ஒரு முறைகூட அவன் முகம் சுளிக்கவில்லை. அவள்தான் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். அதையும் அவனே கழுவி விட்டான்.

மூன்றாவது முறை தலைக்கு ஊற்றிய பிறகும் அவள் சொன்னாள்: “இன்னும் நாறுதுங்க.”

“இல்லடி.”

“நாறுது. எனக்குத் தெரியாதா?”

அவன் குனிந்து அவள் உச்சந்தலையில் மூக்கை வைத்து ஆழமாக இழுத்தான். “சோப்புதான் வருது. நாத்தம் உன் மேல இல்ல. மூக்குக்குள்ள போய் உக்காந்திருக்கு. ரெண்டு நாளைக்கு எதை மோந்தாலும் அதான் வரும். முதல் மாசம் எனக்கும் அப்படித்தான். உன்னை மோந்தாக்கூட அதான் வந்துச்சு.”

“என்னையா? சொல்லவே இல்லியே!”

“மசக்கைக்காரிகிட்ட, நீயும் நாறுறன்னு சொல்லிட்டு நான் எங்க போயிப் படுக்கறது? கூடமும் போயிருக்கும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வாய்க்குள் அந்த வெதுவெதுப்பு ஞாபகம் வந்தது. நிறுத்திக்கொண்டாள்.

மணி இரண்டு. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வர இன்னும் இரண்டு மணி நேரம். விடிவதற்குள் வேலைக்குப் போகிறவன் தினமும் படுக்கிற நேரம் அது. அவனும் குளித்துவிட்டு வந்து, மூலையிலிருந்த பாயை எடுத்துக் கூடத்தில் உதறி விரித்தான்.

“கையன் போச்சு” என்றான், ஏதோ பஸ் போய்விட்டதுபோல. “அடுத்த வருஷம் இன்னொண்ணு வாங்குவாங்களாம். பாத்துக்கலாம்.”

அடுத்த வருஷம். ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் அறை வாசலில் நின்றாள். வெளியே கொடியில் காக்கி தொங்கியது. அதன் நாற்றம் ஜன்னல் வழியாக வந்துகொண்டுதான் இருந்தது, அவளுக்குக் குமட்டிக்கொண்டுதான் இருந்தது. நாளைக்கும் அவன் வாயனோடுதான் போவான். இந்த வாரமும் அந்தச் சின்னக் கதவு வழியாகத் தவழ்ந்து, நெளிகிற அந்த வெள்ளை ஆடைக்குள் முழங்கால்வரை இறங்குவான். அந்த நாற்றம் போகிற நாற்றம் இல்லை. அது போகட்டும் என்று காத்திருந்தால் மகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

பாயில் உட்கார்ந்தவன் நிமிர்ந்து பார்த்தான். “என்ன?”

ஆறு வருடமாக இந்தக் கேள்விக்கு ‘ஒண்ணுமில்ல’ என்றுதான் சொல்லியிருக்கிறாள். இப்போதும் அதுதான் நாக்கின் நுனிக்கு வந்தது. காலையில் அவன் விரல் வந்து துழாவின அதே நாக்கு.

“ஏங்க, அந்தப் பாயைச் சுருட்டி வெச்சிட்டு, உள்ள வந்து என் பக்கத்துல படுங்க.”