பச்சை நோட்டு, பதினேழாம் பக்கம்

மூன்றாவது தடவையும் ஒன்பதுதான் வந்தது.

இருபது பட்டைகளையும் வெள்ளைத் தாளின் மேல் வரிசையாக அடுக்கிவிட்டு, அந்தப் பெண் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு பட்டையும் ஒரு விரல் நீளம். ஒரு முனையில் சிறுநீரை விட்டால், சிறுநீரகத்தில் கோளாறு இருக்கிறவர்களுக்கு இரண்டு கோடு விழும். இல்லாதவர்களுக்கு ஒரு கோடு. இந்த இருபதும் நோய் உறுதியானவர்களிடமிருந்து வாங்கி வைத்த மாதிரிகள். இருபதிலும் இரண்டு கோடு விழுந்திருக்க வேண்டும். ஒன்பதில் ஒற்றைக் கோடுதான் இருந்தது, அதுவும் நல்ல பளிச்சென்று.

"ஒரு சந்தேகம்க்கா" என்றாள்.

வாயைத் திறந்தாலே அவளுக்கு அதுதான் முதலில் வரும். வந்த இரண்டாம் நாளே அவளுக்குச் சந்தேகம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கோடை விடுமுறையில் பயிற்சிக்கு வந்த மூன்று கல்லூரிப் பிள்ளைகளில் ஒருத்தி. மற்ற இருவரும் ஒட்டிப் பிறந்தவர்கள் போலச் சேர்ந்தே டீ குடித்து, சேர்ந்தே செல்போன் பார்த்து, சேர்ந்தே கொட்டாவி விட்டார்கள்.

லேப் அக்கா குனிந்து பட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். பதினோரு பேர் வேலை பார்க்கும் அந்தச் சின்னக் கம்பெனியில் எல்லோருக்கும் அவள் லேப் அக்காதான். அவளைவிட ஆறு வயது மூத்த கணக்கருக்கும் கூட. பதினான்கு வருடமாக அந்த மேசைதான் அவளுக்கு உலகம். ஒன்பது என்ற எண்ணைப் பார்த்து அவள் பயப்படவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் இதே மேசையில் அவள் தன் கையால் செய்தபோது எட்டு வந்திருந்தது. அதை நினைத்துத்தான் பயந்தாள்.

அன்றைக்கு அவள் முதலாளியிடம் ஓடினாள். அவரை எல்லோரும் டாக்டர் என்பார்கள். ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர். இதுவரை ஒருவருக்கும் நாடி பிடித்துப் பார்த்ததில்லை. "இப்ப எழுதாதீங்க. புது பேட்ச்ல பண்ணிப் பாப்போம்" என்றார். இரண்டாவது பேட்சில் ஏழு. மூன்றாவதில் ஆறு. நான்காவதில் ஒன்றே ஒன்று. நான்காவது மட்டும் நோட்டில் ஏறியது. மற்ற மூன்றும் பட்டைகளோடு குப்பைக்குப் போயின. ஒரு வாரம் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு பிடித்துவிட்டது. இப்போது நினைத்தால் அதுதான் கேவலமாக இருந்தது.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்க்கா. மூணு தடவையும்." அந்தப் பெண் பெருமையாகவே நோட்டை நீட்டினாள். "பேனாவாலதான். அடிக்கக் கூடாது, பக்கத்தக் கிழிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

சொன்னது உண்மைதான். முதல் நாள் முதல் வேலையாக அதைத்தான் சொல்லிக்கொடுத்தாள். ஊழியர்களுக்கு நீல நோட்டு, பயிற்சிக்கு வருகிறவர்களுக்குப் பச்சை. பக்க எண் அச்சிலேயே இருக்கும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சாட்சிக்கு ஒரு கோடு; செய்தவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும். பதினேழாம் பக்கத்தில் அந்தக் கோடு காலியாக இருந்தது.

மாதக் கடைசியில் ஒரு பெரிய கம்பெனியின் ஆட்கள் இந்தப் பரிசோதனைப் பட்டைக் கிட்டை வாங்குவதா வேண்டாமா என்று பார்க்க வரப்போகிறார்கள். அதற்காகத்தான் டாக்டர் பயிற்சிக்குப் பிள்ளைகளையே சேர்த்திருந்தார். லேப் வெறிச்சோடித் தெரியக் கூடாது, நான்கு வெள்ளைக் கோட்டாவது நடமாட வேண்டும். இடத்தை நிரப்பத்தான் வந்திருக்கிறோம் என்று சந்தேகத்திடம் யாரும் சொல்லவில்லை. அவள் பாட்டுக்கு வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டாள். முதல் வாரம் லேப் அக்கா அவளைத் தராசு முன்னால் உட்கார வைத்தாள். பிப்பெட் என்கிற அளவுக் குழாயில் துளித் தண்ணீர் எடுத்துத் தட்டில் விட வேண்டும், எடை 0.100 கிராம் காட்ட வேண்டும். "கை சரியா இருக்கான்னு என்னக் கேக்காத. தராசு சொல்லும்" என்றாள். இரண்டு நாள் அந்தப் பெண் வேறெதுவும் செய்யவில்லை. அப்படி ஒரு கையை லேப் அக்கா பதினான்கு வருடத்தில் பார்த்ததில்லை.

லேப் அக்கா கொண்டுவந்து நீட்டிய பதினேழாம் பக்கத்தை டாக்டர் இரண்டு முறை படித்தார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு அவள் பார்த்ததே இல்லை.

"கிழிக்க வேண்டாம். வர்றவங்க பக்க நம்பர எண்ணிப் பாப்பாங்க. கீழ ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்கம்மா. பயிற்சி மாணவி, பிப்பெட் பிடிச்சுக் கை பழகல, அளவு தப்பு. அவ்வளவுதான்."

"டாக்டர், அவளோடது நல்ல கை."

"இருக்கட்டுமே. இன்னும் ரெண்டு வாரத்துல போகப்போற பொண்ணு. இதுல அவளுக்கு என்ன நஷ்டம்?"

"எனக்கே எட்டு வந்துச்சே."

அவர் அவளைப் பரிவோடு பார்த்தார். "அது எங்க எழுதியிருக்கு?"

அவள் நோட்டை மூடி எடுத்துக்கொண்டாள். போன வருடம் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியபோது இவளை மட்டும் வைத்துக்கொண்டவர் அவர். கணவன் மருத்துவமனையில் கிடந்தபோது பழம் வாங்கிக்கொண்டு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனவர். கெட்டவராக இருந்திருந்தால் எதிர்த்துப் பேச வாய் வந்திருக்கும்.

வீட்டில் கணவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். அவன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடி ஒன்றரை வருடமாகிறது. அப்போதிருந்து சமையல் அவனுடையது. எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்தக் கிட்டு வெளிய வந்தா என்னாகும்?" என்று கேட்டான்.

"ஒண்ணும் ஆகாது. நோய் இருக்கறவனுக்கு இல்லன்னு காட்டும். அவன் சந்தோஷமா வீட்டுக்குப் போவான்."

கத்தி நின்றது. "நீ என்ன பண்ணாலும் எனக்குச் சம்மதம்தான்" என்றான். பிறகு, நறுக்கியதை ஒதுக்கிக்கொண்டே, "இந்த வேலையும் போச்சுன்னா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தான். முடித்திருந்தால் அவள் சண்டையாவது போட்டிருப்பாள்.

மறுநாள் காலை, யாரும் வருவதற்கு முன்னால், அந்த வரியை எழுதினாள். அடித்தல் திருத்தல் இல்லாமல் நன்றாகவே வந்தது. கீழே கையெழுத்து. தேதி மட்டும் முந்தின நாளுடையது.

பத்து மணிக்கு அந்தப் பெண் நோட்டைத் திறந்தாள். படித்தாள். காது மடல் சிவந்தது.

"மூணு தடவையுமாக்கா?"

"ம்."

"மூணு தடவையும் அதே ஒன்பது மாதிரி டியூப்லதான் தப்பா வந்துச்சுக்கா. கை தப்புன்னா மாறி மாறி வராதா?"

இருபது வயதுப் பெண் கேட்ட கேள்வி. நியாயமான கேள்வி. லேப் அக்கா கையுறையை உருவி, மறுபடியும் மாட்டிக்கொண்டாள். "பழகாத கை அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

அந்தப் பெண் நம்பினாள். லேப் அக்கா சொன்னதாயிற்றே. "சாரிக்கா. அத்தன மாதிரியும் என்னால வீணாப் போச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் சந்தேகம் என்று எதையும் கேட்கவில்லை. குடுவை கழுவினாள், டியூப்களுக்கு லேபிள் ஒட்டினாள். பிப்பெட்டைத் தொடச் சொன்னால், "வேற யாராவது பண்ணட்டும்க்கா" என்று நகர்ந்துகொண்டாள். கல்லூரி திரும்பியதும் கம்ப்யூட்டர் பக்கம் மாறிவிடப் போவதாக அந்த இரட்டையரிடம் சொல்லிக்கொண்டிருந்தது லேப் அக்காவின் காதில் விழுந்தது. "எனக்குக் கை வேல வராதுப்பா." கையைக் கழுவுகிற சாக்கில் லேப் அக்கா குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள்.

பெரிய கம்பெனி ஆட்கள் இரண்டு முறை வந்தார்கள். நீல நோட்டுகளை ஒருநாள் முழுக்கப் பார்த்தார்கள். பச்சை நோட்டுக்கு அரை நிமிடம். அவர்களில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் பதினேழாம் பக்கத்தில் நின்று, கீழே இருந்த வரியைப் படித்து, "சின்னப் பிள்ளைங்க, பாவம்" என்று சிரித்துக்கொண்டே மூடினாள். இரண்டாம் முறை வந்தபோது கை குலுக்கினார்கள். பிள்ளைகளுக்கும் அன்றுதான் கடைசி நாள். ஒரே கேக்கில் இரண்டு காரியமும் முடிந்தது.

கேக் தட்டோடு லேப் அக்கா லேபுக்குத் திரும்பியபோது, அந்தப் பெண் தராசு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து மேசை மேல் வைத்திருந்தாள். கையில் பிப்பெட்.

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கறேன்க்கா. எந்த இடத்துல தப்புன்னு தெரிஞ்சா போதும். நீங்க பக்கத்துல நின்னு சொல்றீங்களா?"

லேப் அக்கா நின்றாள். அந்தப் பெண் தண்ணீரை எடுத்தாள், விட்டாள். 0.100. எண்ணைப் பூஜ்யமாக்கினாள். எடுத்தாள், விட்டாள். 0.100. அடுத்தது 0.099. அதற்கடுத்து நான்கு முறை 0.100. ஒவ்வொன்றையும் பேனாவால் எழுதிக்கொண்டாள். இருபது வரை போனாள். அடுத்த அறையில் டாக்டர் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தார்.

இருபதாவதை எழுதிவிட்டு, அவள் நோட்டைத் திருப்பி லேப் அக்காவின் பக்கம் நகர்த்தினாள். பதினெட்டாம் பக்கம். மெல்லிய தாள், பின்னாலிருந்த லேப் அக்காவின் வரி இடவலம் மாறிய எழுத்தில் லேசாகத் தெரிந்தது. அதற்குச் சற்றுக் கீழே, சாட்சிக் கோடு காலியாக இருந்தது.

"இன்னிக்குப் பக்கத்துக்கு இன்னிக்கே போடணும்லக்கா" என்று பேனாவை நீட்டினாள்.

அவள் முகத்தில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. லேப் அக்கா கேக் தட்டைக் கீழே வைத்தாள். பேனாவை வாங்கினாள். தராசின் கண்ணாடிக் கதவை யாரும் மூடவில்லை. தட்டிலிருந்த தண்ணீர் காற்றில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. 0.100 என்றிருந்த எண் 0.099 ஆனது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 0.098. 0.097.